இயேசு காலத்து யூதர்கள் எல்லோருமே யூதா கோத்திரத்தாரா?

இல்லை. யூதா நாட்டுக்காரர் என்ற பொருளில் நிலைத்த பெயர்தான் 'யூதர்'. கோத்திரக் கணக்கு வேறு; கோத்திரம் என்பது இஸ்ரவேல் மக்களின் பன்னிரண்டு குலங்களில் ஒன்று, அதில் யூதாவும் ஒன்று. இயேசுவின் செய்தியைப் பரப்பிய யூதரான பவுல் தன்னைப் பென்யமீன் கோத்திரத்தான் என்கிறார். எருசலேம் ஆலயத்திலேயே இருந்த மூதாட்டி அன்னாள் ஆசேர் கோத்திரம். கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் வீழ்ந்த வட இஸ்ரவேல் நாட்டுக் கோத்திரங்களில் அதுவும் ஒன்று. முழுசாகத் தொலைந்துபோகவில்லை, பாருங்கள்!

கோத்திரம் அப்பா வழியில் வருவது. ஆசாரியக் (ஆலயப் பூசாரி) குடும்பங்களுக்கு அது வெறும் பெருமை இல்லை, பிழைப்பு. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பியவர்களில் மூன்று குடும்பத்தார் வம்ச அட்டவணையில் தேடியும் தங்கள் பெயர் கிடைக்கவில்லை என்கிறது பைபிளின் எஸ்றா நூல் 2-ஆம் அதிகாரம். அவ்வளவுதான், ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அதில் ஒரு குடும்பத்தின் மூதாதை, மனைவி வீட்டுப் பெயரான பர்சிலாயைத் தனக்குச் சூட்டிக்கொண்டவர். குழப்பம் அங்கேதான் தொடங்கியதோ என்னவோ.