டி செல்கள் சாவதற்கு மெஷின் காரணமில்லை என்றே நினைக்கிறேன்

வணக்கம். ரத்தத்திலிருந்து பிரித்த மனித டி செல்களில் (நோய் எதிர்ப்புச் செல்கள்) ஜிஎஃப்பி பிளாஸ்மிட்டை (பச்சையாக ஒளிரும் புரதத்துக்கான வட்ட டிஎன்ஏ) எலக்ட்ரோபொரேஷன் மெஷினில், அதாவது மின் பல்ஸால் சவ்வில் ஓட்டை போட்டு, செலுத்தினால் மறுநாளே பாதிக்கு மேல் செத்துவிடுகின்றன, ஹெக் 293டி-யில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித சிறுநீரகச் செல் வகை) அதே பிளாஸ்மிட் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் முதலில் டிஎன்ஏவைத்தான் சந்தேகப்படுவேன். சைட்டோபிளாசத்தில் இரட்டை இழை டிஎன்ஏ தென்பட்டால் டி செல் அதை வைரஸாகவே எடுத்துக்கொள்ளும். டிஎன்ஏவை மோப்பம் பிடிக்கும் சிகாஸ்-ஸ்டிங் பாதை உசுப்பப்பட்டு செல் மடியும். 293டி-யில் அந்தப் பாதை கிட்டத்தட்ட இல்லை.

டிஎன்ஏ போடாமல் பல்ஸ் மட்டும் கொடுத்த கன்ட்ரோல் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். அதில் செல்கள் பிழைத்தால் சந்தேகம் தீர்ந்தது, பல்ஸ் அல்ல, டிஎன்ஏதான் காரணம். அப்படியானால் ஜிஎஃப்பியை டிஎன்ஏவாக இல்லாமல் எம்ஆர்என்ஏவாக (புரதம் செய்வதற்கான ஆர்என்ஏ நகல்) மாற்றிக் கொடுங்கள். ஜீனை நீக்குவதே நோக்கமென்றால் டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 புரதத்தை, வெட்டும் இடத்தைக் காட்டும் கைடு ஆர்என்ஏவோடு சேர்த்துக் கொடுக்கலாம். பிளாஸ்மிட்தான் வேண்டுமென்றால் எண்டோடாக்சினை (பாக்டீரியா நச்சு) நீக்கும் கிட்டில் எடுத்து, அளவைக் குறையுங்கள்.

பிரித்த அன்றே பல்ஸ் கொடுப்பதும் சரிவராது. டி செல்களைத் தூண்டும் சிடி3/சிடி28 பீட்ஸோடு (நுண்மணிகள்) 2 நாள் வைத்து, பீட்ஸைக் காந்தத்தில் நீக்கிவிட்டுச் செய்யுங்கள். செல்களைச் சென்ட்ரிஃபியூஜில் 90 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றினால் போதும். பல்ஸ் முடிந்த கையோடு, ஏற்கெனவே 37 டிகிரிக்குச் சூடாக்கிய மீடியத்தை குவெட்டின் (பல்ஸ் கொடுக்கும் சிறு கலம்) ஓரமாக மெல்ல விடுங்கள்; அதில் டி செல் வளர உதவும் ஐஎல்-2 இருக்கட்டும், ஆன்டிபயாடிக் வேண்டாம். பைப்பெட்டால் மேலும் கீழும் அடிக்காதீர்கள், அந்த நிமிடத்தில் சவ்வு இன்னும் ஓட்டையாகத்தான் இருக்கும்.

கன்ட்ரோல் முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.