இடி சொல்லிவிட்டா வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டே வாரங்களில் மூன்று முறை எங்கள் பகுதியில் பேய்க்காற்றும் இடியும் மின்னலுமாக மழை கொட்டித் தீர்த்தது, ஒரு முறை நெல்லிக்காய் அளவில் ஆலங்கட்டியும் விழுந்தது. அந்த நாள்களில் வானிலை அறிக்கை சொன்னதெல்லாம் 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்பது மட்டுமே. பலத்த மழை என்று எச்சரித்த நாளிலோ சுள்ளென்று வெயில் அடித்தது. இந்த அறிக்கையை எதற்காகப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. ஆயினும், அந்த ஓரிரு இடங்களுள் ஒன்றாக உங்கள் பகுதி மாட்டிக்கொண்டதனால் அறிக்கை பொய்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அது பலித்துத்தான் இருக்கிறது. உங்கள் தலையில் பலித்தது என்பதுதான் வேதனை.

பல நூறு கிலோமீட்டர் அகலத்தில் நாள்கணக்காக நகர்ந்து வரும் புயல் வேறு, பிற்பகலில் திடீரென எழும்பி நிற்கும் இடிமுகில் வேறு. சாதாரணமான ஒற்றை இடிமுகில் பத்துக் கிலோமீட்டர் அகலம்கூட இராது; அதன் ஆயுளும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். 1946, 1947 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹோரஸ் பயர்ஸ் என்பவரின் தலைமையில் நடந்த ஆய்வில், விமானங்களை இடிமுகில்களுக்கு உள்ளேயே செலுத்தி (அந்த விமானிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்) முகில் வளர்வதையும் முதிர்வதையும் தேய்வதையும் அளந்து பார்த்தார்கள். முதிர்ந்த முகிலிலிருந்து விழும் மழை குளிர்காற்றையும் தன்னோடு கீழே இழுத்து வருகிறது. அந்தக் காற்று தரையில் பரவி, முகிலுக்குத் தீனியாக இருந்த வெப்பக் காற்றின் வழியை அடைத்துவிடுகிறது. மழைக்குச் சற்று முன்னால், புழுக்கத்தை ஒரே வீச்சில் துடைத்துக்கொண்டு, மண் வாசனையோடு சில்லென்று முகத்தில் அறைகிறதே ஒரு காற்று, அது இதுதான். அதே காற்று சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஈரக்காற்றை நெம்பித் தூக்கி, இன்னொரு முகிலைப் பிறப்பிக்கவும் கூடும். முதல் இடி எங்கே விழும் என்பதே காலையில் அறிக்கை எழுதுபவருக்குத் தெரியாதபோது, அது ஈன்ற இரண்டாவது இடியை அவர் எவ்வாறு குறித்துக் காட்ட முடியும்?

எச்சரித்த நாளில் வெயில் அடித்ததற்கும், எதிர்பாராத நாளில் ஆலங்கட்டி விழுந்ததற்கும் பெரும்பாலும் ஒரே பொருள்தான் காரணமாக இருக்கும். தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பமான, உலர்ந்த காற்றடுக்கு ஒன்று சில நாள்களில் மூடிபோல அமர்ந்துவிடும். கீழே வெப்பமும் ஈரமும் எவ்வளவு சேர்ந்தாலும் மூடி திறக்காதவரை முகில் உயராது. மக்கள் வியர்த்து வழிந்தபடி அறிக்கையைத் திட்டுவார்கள். ஆனால் அந்த மூடி மாலையில் ஏதேனும் ஓர் இடத்தில் உடைந்துவிட்டால், பகல் முழுவதும் அடைபட்டுக் கிடந்த ஆற்றல் அந்த ஓட்டை வழியாகவே பாய்ந்து எழும். அந்த ஆற்றலும் சாமானியமானதன்று. ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. உறைநிலையில் உள்ள ஆறு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒரே முகிலில் இவ்வாறு பல கோடி கிலோ நீராவி நீராகிறது. உங்கள் வாசலில் விழுந்த ஆலங்கட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருந்தால், வெண்மையும் கண்ணாடித் தெளிவுமாக வெங்காயத்தைப்போல வளையங்கள் தென்பட்டிருக்கலாம். மேலெழும் காற்று அதனை விழவிடாமல் தாங்கிப் பிடித்திருந்த நேரத்தில், வெவ்வேறு வேகத்தில் உறைந்த நீர்தான் அவ்வளையங்கள்.

கணினிகள் இருந்துமா என்று கேட்பீர்கள். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையத்தின் கணினி மாதிரி (வானிலையைக் கணக்கிட்டுக் காட்டும் நிரல்), உலகை ஏறத்தாழ 9 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. புயலைப் பிடிக்க அது ஏற்ற வலை. இடிமுகிலோ அதன் கண்களுக்கிடையே நழுவிவிடும் சிறுமீன். இன்னும் நெருக்கமான கட்டங்கள் கொண்ட வட்டார மாதிரிகள் முகிலின் உருவத்தைக் காட்டுகின்றன, ஆனால் அதனைப் பக்கத்து ஊரின்மேல் வைத்துவிடுகின்றன. 1961இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற அறிஞர் தம் கணினிக்கு 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அது முற்றிலும் வேறான வானிலையைக் காட்டியது. பெரிய வானிலை அமைப்புகளில் இத்தகைய பிழை வளர்வதற்கு நாள்கள் ஆகும். இடிமுகிலில் அதற்குச் சில மணி நேரமே போதும்.

கேள்வி: மழைக்கு வாய்ப்பு 30 சதவீதம் என்றார்கள், ஒரு மணி நேரம் ஊற்றியது. கணிப்பு தவறுதானே?

பதில்: அந்த ஒரு நாளை வைத்துத் தவறென்றும் சொல்ல முடியாது, சரியென்றும் சொல்ல முடியாது. 30 சதவீதம் என்று அறிவித்த நாள்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பத்துக்கு மூன்று நாள் வீதம் உங்கள் இடத்தில் மழை பெய்திருக்க வேண்டும், அதுவே சோதனை. ஒரு கோடையில் நானே நாள்காட்டியின் ஓரத்தில் குறித்து வந்தேன். ஏமாற்றிய நாள்கள் மட்டுமே என் நினைவில் தங்கியிருந்தன என்பதும், சொன்னபடி நடந்த நாள்களை நான் மறந்தே போயிருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மற்றொன்றையும் கவனியுங்கள்: அந்தச் சதவீதம் மழை வருமா என்பதைப் பற்றியது, எவ்வளவு கடுமையாக வரும் என்பதைப் பற்றியதன்று. அமெரிக்க முறையில் கால் மில்லிமீட்டர் தூறினாலும் மழைதான். கடுமையை அறிய எச்சரிக்கையைத் தனியே படிக்க வேண்டும்.

கேள்வி: கைப்பேசிச் செயலி மணிக்கொரு படம் காட்டி, மணிக்கொரு முறை அதை மாற்றவும் செய்கிறதே?

பதில்: மாற்றாவிட்டால்தான் நான் சந்தேகப்படுவேன். நாளை மாலை நான்கு மணிக்கு நேரே மின்னல் படம் போட்டிருப்பதை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். மழை நாளில் ரேடார் படத்தைப் பாருங்கள். கடந்த அரை மணி நேரத்தில் முகில் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது, அடுத்த ஒரு மணி நேரத்திற்குப் பெரும்பாலும் நல்ல வழிகாட்டி.

கேள்வி: அப்படியானால் வெளியில் இருப்பவர்கள் எப்போது உள்ளே வர வேண்டும்?

பதில்: இடியோசை காதில் விழுந்த உடனே வந்துவிட வேண்டும். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் பாயக்கூடும் என்பதால், தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பது பாதுகாப்பாகாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் விநாடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் திறந்தவெளியில் நின்றுகொண்டு அந்தக் கணக்கைப் போட வேண்டாம். மரத்தடியும் சுவரில்லாத கொட்டகையும் புகலிடமல்ல. நல்ல கட்டடத்திற்குள்ளோ, கூரை மூடிய காருக்குள்ளோ செல்லுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள்; இருபத்தெட்டாம் நிமிடத்தில் இன்னோர் இடி கேட்டால், அந்த முப்பதை மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.