மிடியில இருந்து ஸ்டைல்: இந்த முறை வந்த கேள்விகள்

மிடி ஃபைலை (பாட்டின்ட நோட்ஸ் எல்லாத்தையும் கீபோட் வாசிக்கிற மாதிரி எழுதி வைச்ச ஃபைல்) ஸ்டைலா (நீங்க இடக்கையால கோட், அதாவது சேர்த்துப் பிடிக்கிற நோட்ஸ், மாத்த மாத்தக் கீபோட் தானா வாசிக்கிற பின்னணி) மாத்துறதைப் பற்றி இந்த முறை கனபேர் கேட்டிருக்கிறீங்க, கலியாண சீசன் எண்டபடியாலோ என்னவோ. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறன். கேட்டதில முக்கால்வாசி யமஹா கீபோட்காரர், அதால பதிலும் அந்தக் கணக்குத்தான்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, ஒரு பாட்டின்ட மிடி ஃபைல் கையில இருக்கு. அதை அப்பிடியே ஸ்டைலா மாத்த ஏலுமோ?

அப்பிடியே ஏலாது தம்பி. மிடி ஃபைல்ல கோட் ஏற்கனவே மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கு, ஸ்டைலுக்கு வேண்டியது கோட் மாறாம நிக்கிற ரெண்டு பார் (தாளச் சுத்து) இல்லாட்டி நாலு பார், கோட்டை மாத்துறது உங்கட இடக்கை வேலை. அதால முதல்ல பாட்டைப் போட்டு வடிவா கேளுங்கோ, பல்லவியில ஒரே கோட்ல ரெண்டு பார் நிக்கிற இடம் எங்க எண்டு பிடியுங்கோ, அது மெயின் ஏ, ஸ்டைலின்ட முதல் பகுதி. சரணத்தில ட்ரம்ஸ் கொஞ்சம் கூடுற இடம் மெயின் பி. ஃபில் (ஒரு பகுதியில இருந்து மற்றதுக்குப் போகேக்க வாற ட்ரம்ஸ் உருட்டு) ஒரு பார்தான், அதுக்கு மேல கீபோட் விடாது. இன்ட்ரோவில மட்டும் கோட் ஓடலாம், மெலடியும் வரலாம், அதைப் பாட்டில இருந்து நேராவே வெட்டலாம்.

வெட்டினதைச் சீ ரூட்டுக்கு (கோட்டின்ட அடி நோட் சீ) கொண்டு வரவேணும். யமஹா ஒண்டும் சொல்லாட்டி மூலக் கோட் (சோர்ஸ் கோட்) சீ மேஜர் செவன் எண்டுதான் எடுக்கும், அதுக்குள்ள சீ, ஈ, ஜி, பி நாலும் கோட் நோட்ஸ், டி-யும் ஏ-யும் போட்டாலும் பிரச்சினை இல்லை. எஃப் மட்டும் பேஸ்ல நுழைஞ்சிட்டா வேற கோட் பிடிக்கேக்க எங்கயாவது காதைக் குத்தும். பாட்டு டி மைனர்ல எண்டா ரெண்டு செமிடோன் (கறுப்பு கீயும் சேர்த்து ரெண்டு கீ) இறக்கினாப் போதாது, மைனர் நோட்ஸ் அப்பிடியே கிடக்கும், ஒண்டில் ஈ ஃப்ளாட்டை ஈ ஆக்கி பி ஃப்ளாட்டைப் பி ஆக்குங்கோ, இல்லாட்டி அந்தச் சனலின்ட (ஒரு வாத்தியத்தின்ட தடம்) சோர்ஸ் கோட்டைச் சீ மைனர் செவன் எண்டு மாத்தி விடுங்கோ. என்னைக் கேட்டா மிடியில இருந்து ட்ரம்ஸை மட்டும் எடுங்கோ, பேஸை நீங்களே வாசியுங்கோ. பாட்டின்ட பேஸ் அந்தப் பாட்டுக்கெண்டு வாசிச்சது, ஸ்டைலுக்குள்ள போனா அலட்டும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): சேர், சேர்ச் குவயருக்கு ஒரு ஸ்டைல் செய்தன். சீ கோட்ல நல்லா இருக்கு, எஃப் பிடிச்ச உடனே ட்ரம்ஸ் எல்லாம் குழம்புது. கீபோட் பழுதோ?

கீபோட்டுக்கு ஒண்டும் இல்லை, கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிடாதீங்கோ. உங்கட ட்ரம் சனலும் கோட்டோட சேர்ந்து ட்ரான்ஸ்போஸ் ஆகுது, அதாவது நோட் எல்லாம் நகருது. கணக்கைப் பாருங்கோ, மிடி நோட் நம்பர்ல கிக் 36, ஸ்நேர் 38, மூடின ஹை ஹாட் 42. சீ-யில இருந்து எஃப்-க்கு அஞ்சு செமிடோன், அப்ப கிக் 41 ஆகுது, ஸ்நேர் 43, ஹை ஹாட் 47. இந்த மூண்டும் ஜெனரல் மிடி (கீபோட்டுகளுக்குப் பொதுவான முறை) கிட்ல டாம் சத்தம்! அதுதான் எஃப் பிடிச்ச உடனே டம டமண்டு டாம் மட்டும் கேக்குது. ஸ்டைல் க்ரியேட்டர்ல (கீபோட்லயே ஸ்டைல் செய்யிற இடம்) பராமீட்டர் பக்கத்துக்குப் போய் ரிதம் சனல் ரெண்டுக்கும் என்டிஆரை (கோட் மாறேக்க நோட் எப்பிடி நகரவேணும் எண்டுற விதி) ரூட் ஃபிக்ஸ்ட் எண்டும் என்டிடியை (நோட்டை மாத்துற அட்டவணை) பைபாஸ் எண்டும் வையுங்கோ, அவ்வளவுதான்.

அதே பக்கத்தில நிக்கேக்க மற்றச் சனலையும் பாத்துவிடுங்கோ. ரூட் ட்ரான்ஸ் எண்டா சீ-ஈ-ஜி முழுசா மேல ஏறி எஃப்-ஏ-சீ ஆகும், ரூட் ஃபிக்ஸ்ட் எண்டா கை நகராத பியானோக்காரர் பிடிக்கிற மாதிரி சீ-எஃப்-ஏ ஆகும். பேஸுக்கு முதலாவது, கிட்டார் பியானோவுக்கு ரெண்டாவது. பேஸுக்கு ஹை கீயும் (ரூட் ஏறக்கூடிய மேல் எல்லை) வையுங்கோ, அதை எஃப்-ல வைச்சா எஃப் ஷார்ப் பிடிக்கேக்க பேஸ் ஒரு ஒக்டேவ் கீழ இறங்கும், வைக்காட்டி பி கோட்ல பேஸ் செல்லோ மாதிரி மேல போய் நிக்கும். நீட்டிப் பிடிக்கிற ஸ்ட்ரிங்ஸுக்கு ஆர்டிஆர் (கோட் மாறேக்க பிடிச்சிருக்கிற நோட்டுக்கு என்ன நடக்கவேணும் எண்டுற விதி) பிட்ச் ஷிஃப்ட், ஸ்டொப்ல விட்டா கோட் மாறின உடனே சத்தம் அறுந்துபோகும். குவயர்ல அது நல்லாவே தெரியும்.

கேள்வி (தெஹிவளை): பைலா மிடி ஒண்டை ஸ்டைல் ஆக்கினன், ஆனா ஆட்டமே வருதில்லை, மெஷின் மாதிரி இருக்கு.

குவான்டைஸ் (நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுக்கிறது) போட்டிருப்பீங்க, அதுவும் பதினாறில. பைலா, எங்கட ஊர் ஆட்டப்பாட்டு, ஆறு-எட்டுத் தாளம், ஆனா இணையத்தில கிடைக்கிற மிடி கனக்க நாலு-நாலு எண்டு எழுதி உள்ளுக்க ட்ரிப்லெட்டா (ஒரு பீட்டை மூண்டாப் பிரிச்சு) வைச்சிருப்பாங்கள், அதைப் பதினாறுக்கு இழுத்தா மூண்டில ரெண்டு நோட் இடம் மாறிப்போகும். நாலு-நாலாவே விட்டிட்டு எட்டு ட்ரிப்லெட்ல குவான்டைஸ் பண்ணுங்கோ, அதுவும் கிக்குக்கு மட்டும், மற்றதில கை வைக்க வேண்டாம். ஆறு-எட்டாத்தான் வேணுமெண்டு நிக்கிறவங்க நோட் எல்லாத்தையும் ஒண்டரை மடங்கு நீட்டி டெம்போவையும் ஒண்டரை மடங்கு கூட்டவேணும், 100 எண்டா 150. எனக்கு அது தேவையில்லாத அலுப்பு, ஹோல்ல ஆடுறவங்க பார் எண்ணியோ ஆடுறாங்க?

கேள்வி (பம்பலப்பிட்டி): தபேலா வாற மிடியை என்ட கீபோட்ல போட்டா கண்ட கண்ட சத்தம் வருது.

ஜெனரல் மிடி ட்ரம் கிட்ல தபேலாவே இல்லை. அந்த மிடியைச் செய்தவர் தன்ட கீபோட்ல இருந்த இந்தியன் கிட்ல வாசிச்சிருப்பார், எந்தக் கீயில தா, எந்தக் கீயில தின் எண்டுறது கிட்டுக்குக் கிட்டு மாறும். உங்கட கிட்டை முதல்ல கீ கீயாத் தட்டிப் பாத்து ஒரு கடதாசியில எழுதுங்கோ, பிறகு கம்பியூட்டர்ல ஒரு நோட்டை எடுத்து அதே நோட் எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துங்கோ. யமஹாவில ரிதம் சனல் ரெண்டு இருக்கு, 9-ம் 10-ம். கிக், ஸ்நேர், ஹாட் 10-ல, தபேலா கிட் 9-ல வைச்சா மேடையில தபேலாவை மட்டும் மியூட் பண்ணலாம், பக்கத்தில உண்மையான தபேலாக்காரர் இருந்தா கட்டாயம் செய்யவேணும், இல்லாட்டி அவர் முறைப்பார்.

கேள்வி (மட்டக்குளி): லூப் திரும்பேக்க முதல் பேஸ் நோட் மட்டும் விழுதில்லை.

ஆள் வாசிச்ச மிடியில ஒண்டாம் பீட் நோட் சில டிக் (மிடியின்ட ஆகச் சின்ன நேர அளவு) முந்தி விழுந்திருக்கும், நீங்க பார்ல வெட்டேக்க அது முந்தின பார்க்குள்ள போயிட்டு. வெட்ட முந்தி அந்த நோட்டைச் சரியாப் பார் தொடங்குற இடத்துக்கு இழுங்கோ. பார் முடிவைத் தாண்டி நீளுற நோட்டையும் சுருக்குங்கோ. அதோட நடுவில கிடக்கிற புரோகிராம் சேஞ்ச் (வொய்ஸ் மாத்துற கட்டளை) எல்லாத்தையும் அழியுங்கோ, வொய்ஸ், வொலியூம், ரிவேர்ப் எல்லாம் தொடக்கத்தில ஒருக்கா இருந்தாப் போதும்.

கேள்வி (வத்தளை): என்டது யமஹா பிஎஸ்ஆர் ஈ473, அதில ஸ்டைல் க்ரியேட்டர் இல்லை. அப்ப வழி இல்லையோ? ஃப்ரெண்ட் கோர்க் பிஏ கீபோட் வச்சிருக்கிறான், அவன்ட ஸ்டைலை எடுக்க ஏலாதோ?

கீபோட்ல செய்ய ஏலாது, ஆனா கம்பியூட்டர்ல செய்த ஸ்டைல் ஃபைலைப் பென் ட்ரைவ்ல கொண்டு வந்து யூசர் ஸ்டைலா ஏத்தலாம். கோர்க் ஸ்டைல் நேராப் போகாது, கோட் மாத்துற முறையே வேற, அவங்கள் ஒரு வேரியேஷனுக்குள்ள ஆறு கோட் வேரியேஷன் (கோட் வகைக்கேத்த தனித்தனி வாசிப்பு) வரைக்கும் வைக்கலாம். கன்வர்ட் பண்ணினாலும் பேஸும் கிட்டாரும் திரும்பப் பாக்கத்தான் வேணும். ஃப்ரெண்டிட்ட ஸ்டைலைக் கேக்காதீங்கோ, அவன் எந்த மிடியில இருந்து செய்தானோ அந்த மிடியைக் கேளுங்கோ.