விழும் நீரால் ஒலிக்கும் குழலிசைக் கருவி: திட்டமிடலை எங்கே தொடங்குவது?

குழல்களை அறுப்பதற்கு முன் காற்றழுத்தத்தை முடிவு செய்யுங்கள். செங்குத்துக் குழாயில் விழும் நீர் காற்றுக் குமிழ்களை இழுத்துக்கொண்டு கீழே உள்ள மூடிய தொட்டிக்குள் வரும். காற்று அங்கே பிரிந்து மேலே தங்கும், நீர் வெளியேறும். அந்தக் காற்றுதான் குழல்களை ஒலிக்கச் செய்யும்.

பலர் தடுமாறும் இடம் இதுதான்: தொட்டியின் அழுத்தம் நீர் விழும் உயரத்தால் அமைவதில்லை. உள்ளே இருக்கும் நீர்மட்டத்தைவிட நீர் வெளியேறும் வாய் 75 மி.மீ. உயரத்தில் இருந்தால், அழுத்தமும் 75 மி.மீ. உயர நீர் தரும் அளவுதான். சிறு குழல்களுக்கு அதுவே போதும். வாயை ஏற்றி இறக்கும்படி அமைத்துவிட்டால் பின்னால் நிறைய உழைப்பு மிச்சம்.

பல குழல்கள் சேர்ந்து திறந்தால் தொட்டியில் காற்று குறைந்து, உள்ளே நீர்மட்டம் ஏறி, அழுத்தம் குறைந்து, சுருதி தாழும். அகலமான தொட்டி இதைத் தாமதப்படுத்தும். எதுவும் ஒலிக்காதபோது மிகுதிக் காற்று வெளியேற ஒரு வால்வும் அவசியம்.

ஒரு முனை மூடிய குழலில் 262 ஹெர்ட்ஸுக்கு ஒலிக்கும் பகுதியின் நீளம் சுமார் 33 செ.மீ. அடைப்பை நகர்த்தும்படி வைத்துச் சுருதி சேருங்கள். காற்று ஈரமாகவே வரும். மரக்குழல் ஈரத்தில் உப்பிப்போகும், பிவிசி தாங்கும்.