வாசகர் கேள்வி – பதில்: பன்னிரண்டு மணி யாருடையது?

கேள்வி: ஜொகூர் பாருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக விரைவுப் பேருந்தில் பயணச்சீட்டு எடுத்தோம். சீட்டில் ‘சனிக்கிழமை, 12.00 ஏ.எம்.’ என்று இருந்தது. சனிக்கிழமை இரவு பத்தரைக்கே போய்க் காத்திருந்தோம். வண்டி முந்தின இரவே போய்விட்டது என்றார்கள்; பணமும் திரும்பக் கிடைக்கவில்லை. தவறு யாருடையது, ஐயா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சீட்டில் உள்ளபடி பார்த்தால் வண்டி சரியான வேளையில்தான் கிளம்பியிருக்கிறது, அம்மா. ஆனாலும் குற்றத்தை உங்கள் மீது சுமத்த எனக்கு மனம் வரவில்லை. நண்பகலுக்கு முன் என்பதை ஏ.எம். என்றும், அதற்குப் பின் என்பதை பி.எம். என்றும் குறிக்கிறோம். நண்பகல் தனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நள்ளிரவோ ஒரு நண்பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னும், அடுத்த நண்பகலுக்கு அதே அளவு முன்னும் நிற்கிறது. ஆகவே 12.00 என்ற எண்ணுக்கு இவ்விரண்டில் எதுவும் இயல்பாகப் பொருந்துவதில்லை. பகல் 12.01 ஐயமின்றி பி.எம். என்பதால், அதற்கு ஒரு நிமிடம் முந்தியதையும் அதனோடு சேர்த்து பி.எம். என்று கடிகாரங்களும் கைப்பேசிகளும் காட்டுகின்றன. அதே முறையில் நள்ளிரவு 12.00 ஏ.எம். ஆகிவிடுகிறது. இது வழக்கத்தால் ஏற்பட்ட உடன்பாடேயன்றி வேறில்லை.

இந்த உடன்பாட்டின்படி 12.00 ஏ.எம். என்பது ஒரு தேதியின் தொடக்கமே தவிர, முடிவு அன்று. எனவே நீங்கள் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். ‘சனிக்கிழமை நள்ளிரவு’ என்று தமிழிலோ மலாயிலோ அச்சிட்டிருந்தாலும் உங்கள் குழப்பம் தீர்ந்திருக்காது, ஏனெனில் எந்த முனையில் உள்ள நள்ளிரவு என்பதை அச்சொல் கூறுவதில்லை. இருபத்து நான்கு மணி முறையில் நாளின் தொடக்கம் 00.00, முடிவு 24.00, வெள்ளி 24.00 என்பதும் சனி 00.00 என்பதும் ஒரே கணந்தான். நாள், நேரம் எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 8601, 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 24.00ஐ நீக்கிவிட்டு, 2022இல் திருத்தம் வெளியிட்டு அதனை மீண்டும் சேர்த்துக்கொண்டது. வல்லுநர்களே தடுமாறும் இடம் இது. நள்ளிரவில் வண்டி விடும் நிறுவனங்கள் ‘வெள்ளி இரவு 11.59’ என்று அச்சிட்டால் போதும். அப்படிச் செய்யாததை அவர்களது அலட்சியம் என்றே நான் சொல்வேன்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலாய்க்கார அண்டைவீட்டாருக்கு நாள் சூரியன் மறையும்போதே பிறந்துவிடுகிறது. அவர்கள் ‘மாலாம் ஜுமாஅத்’ (வெள்ளி இரவு) என்பது நாம் வியாழன் இரவு என்று கூறும் இரவைத்தான். நம் பஞ்சாங்கத்துக்கோ சூரியன் உதித்தால்தான் நாள். சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு நாட்காட்டியில் சனி, பஞ்சாங்கத்தில் இன்னும் வெள்ளி, மலாய் வழக்கிலோ சனி தொடங்கி ஆறு மணி நேரத்துக்கும் மேலாகியிருக்கும். இத்தகைய ஊரில் ‘நாளைக்கு இரவு பன்னிரண்டு’ என்று யாராவது சொன்னால், எந்த இரவு உணவுக்குப் பின் என்று கேட்டுக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

கேள்வி: நான் 1979இல் தோட்டத்து மருத்துவமனையில் இரவு 12.10க்குப் பிறந்தவன். ஊர் ஜோதிடர் எழுதிய ஜாதகத்தில் ஒரு லக்கினம், கைப்பேசிச் செயலியில் வேறொரு லக்கினம். எதை நம்புவது?
– ஒரு வாசகர், கோலகங்சார்

பதில்: ஜாதகத்தை நம்புவது உங்கள் விருப்பம், கணக்கைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நீங்கள் பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி முன்னே இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒத்துப்போவதற்காக 1982 ஜனவரி 1 முதல் அது எட்டு மணியாக மாற்றப்பட்டது. 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30 ஆனதும் கடிகாரங்களை நேராக 12.00க்குத் திருப்பினார்கள், அன்றிரவு பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இங்கே எந்தக் குழந்தையும் பிறந்ததாக எழுத முடியாது.

செயலி இன்றைய எட்டு மணியை வைத்துக் கணித்தால், உண்மையில் நீங்கள் பிறந்ததற்கு அரை மணி முந்திய கணத்தையே எடுத்துக்கொள்கிறது. பிறந்த கணத்தில் கிழக்கில் உதிக்கும் ராசியே லக்கினம். ஒரு ராசி கிழக்கில் உதித்து முடிய ஏறத்தாழ இரண்டு மணி ஆகும் என்பதால், அரை மணிப் பிழை கால் ராசிக்குச் சமம். லக்கினம் ராசியின் தொடக்க விளிம்பில் இருந்தால் முந்திய ராசிக்கு மாறிவிடும். இந்திய நேரத்தை வைத்துக் கணித்திருந்தால் பிழை முழுதாக இரண்டு மணி. கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பஞ்சாங்கப்படி நீங்கள் முந்தின நாளில் பிறந்தவர். ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, இங்கே தோக்கியோ நேரம் நடைமுறையில் இருந்தது. அது கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி முன்னதாகும். அந்த ஆண்டுகளில் பிறந்த பாட்டி, தாத்தாக்களின் நேரக்குறிப்புகளை எடுத்தாளுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது என் நிழல் காலடியில் விழுவதில்லையே, ஏன்?
– ஒரு மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: நல்ல கேள்வி, மகளே. நம் கடிகாரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. சுங்கை சிப்புட் இருப்பதோ 101 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சூரியன் நமக்கு எழுபத்தாறு நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. பூமியின் ஓட்டம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்த வேளை பிப்ரவரி நடுவில் 1.30 அளவிலும் நவம்பர் தொடக்கத்தில் 1.00 அளவிலும் அமையும். நிழல் முற்றிலும் காலடிக்குள் அடங்குவதை ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதற்பாதியிலும் மட்டுமே நீ காணலாம். 1982க்கு முன் உச்சி வேளை பன்னிரண்டே முக்கால் அளவில் இருந்தது. கடிகாரத்தை முன்னே தள்ளினாலும், விடியற்காலைக் குளிர்ச்சியில் நன்றாக வடியும் ரப்பர்ப்பால் தன் வேளையை மாற்றிக்கொள்ளவில்லை.

உன் வீட்டில் இராகுகாலம் பார்ப்பார்கள் என்றால் இதையும் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12.00 வரை என்பது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊருக்கான கணக்கு. இங்கே உதயம் 7.00க்கும் 7.30க்கும் இடையில், 7.15க்கு உதிக்கும் ஒரு வெள்ளியன்று அதே கணக்கு 11.45இல் தொடங்கி 1.15 வரை போகும்.