பழைய சொகுசு எஸ்யூவி: விலை இன்னும் எவ்வளவு இறங்கும்?

கோவையில 4 வருஷம் ஓடின சொகுசு எஸ்யூவி வாங்கினா விலை இன்னும் விழுமான்னு கேட்டிருக்கீங்க. விழும்ங்க. ஆனா பெரிய அடி முதல் ஓனருக்கு விழுந்தாச்சு. காப்பீட்டுக் கணக்குலயே புது வண்டி விலையில இருந்து 3 வருஷம் தாண்டினா 40%, 4 தாண்டினா 50% கழிப்பாங்க.

பயப்பட வேண்டியது பராமரிப்புக்குத்தான். வண்டி பாதி விலைக்கு வந்தாலும், மாத்தற பாகங்களுக்குப் புது வண்டிக்காரர் குடுக்கற அதே விலைதான். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலா காற்றுப் பை வண்டியைத் தாங்கற அமைப்பு) இருந்தா ராத்திரி நிறுத்தி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால காலையில பாருங்க. ஒரு மூலை இறங்கியிருந்தா காற்றுக் கசிவு. அப்படியே ஓட்டினா காற்றடிக்கற கம்ப்ரஸர் ஓயாம ஓடிக் கருகிரும்.

டெல்லி டீசல் வண்டி மலிவா வரும். 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாதுன்னு 2015-ல வந்த கட்டுப்பாடு அதுக்கு ஒரு காரணம். டெல்லி ஆர்டிஓ தர்ற தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவுச் செலவு மூணையும் கூட்டிட்டு அப்புறம் பேரம் பேசுங்க.