கவலையும் துக்கமும் உடம்பை உண்மையிலேயே பாதிக்குமா, இல்லை எல்லாம் மனப்பிரமையா?

கேட்டவர் அநேகமாக வீட்டில் "உனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருப்பார். பாதிக்கும். என் அம்மாவின் எக்கோ ரிப்போர்ட் பீரோவில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. உசிலம்பட்டிப் பக்கம் ஊர். சர்க்கரை முற்றி, கிட்னி போய் மாமா இறந்தார். கேதத்தன்று அம்மா அழவே இல்லை. நீர்மாலைக்குப் போனார், வந்தவர்களுக்குக் காபி சொன்னார், பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்தார். ராத்திரி செல்லூருக்குத் திரும்பித் தலைக்கு ஊற்றிவிட்டு உட்கார்ந்தவர், "நெஞ்சை அடைக்குதுடி" என்றார். துண்டு சுற்றிய தலையோடு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

எங்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு, மண்ணைக் குவித்துப் போட்டுப் போயிருந்தார்கள். ஆட்டோ உள்ளே வராது. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தெருமுனை வரை தூக்கிப் போனோம். வரி கேட்க மட்டும் சரியாக வந்துவிடுகிறார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் என் பிபி ஏறியதில் இதற்கும் பங்கு உண்டு.

ஈசிஜியில் மாறுதல். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினும் ஏறியிருந்தது. மாரடைப்பு என்றுதான் ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோனார்கள். ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை. ஆனால் எக்கோவில் இதயத்தின் அடிப்பாகம் பலூன் மாதிரி உப்பி, சுருங்காமல் நின்றது. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் வாய் குறுகி வயிறு பெருத்த ஒரு பானையை வரைந்து காட்டினார். இதற்கு டாகோட்சுபோ என்று பெயராம். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் பானை அது. 1990இல் அந்த ஊர் டாக்டர்கள் வைத்த பெயர். பெரிய அதிர்ச்சியில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஒரேயடியாகச் சுரந்து இதயத் தசையை மரக்கச் செய்வதுதான் காரணம் என்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோர் மாதவிடாய் நின்ற பெண்கள். அளவுக்கு மீறிய சந்தோஷத்தில்கூட வருமாம்.

அத்தைக்கு விஷயம் போனது. "அடைப்பே இல்லையாம், அப்புறம் எதுக்கு ஐசியூ? எல்லாம் பங்கு கேக்குறதுக்கு நாடகம்." தாத்தா பெயரில் இருக்கும் தோட்டத்துக்கு அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று மாமா இருக்கும்போதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மதுரையில் பாண்டியன் சரிந்ததும் கோப்பெருந்தேவியும் உயிரை விட்டதைப் பட்டிமன்றத்தில் கேட்டால் உச்சுக்கொட்டுவார்கள். சொந்த நாத்தனார் மானிட்டர் ஒயரோடு கிடந்தால் நாடகம்!

உடனே சிலர் கிளம்பி வருவீர்கள், "அப்ப எல்லா நோயும் மனசாலதான்னு சொல்றீங்களா?" என்று. சொல்லவில்லை. மாமாவின் கிட்னியை எடுத்தது சர்க்கரை, சோகம் இல்லை. மாரடைப்பு என்று சந்தேகப்பட்டு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் இது. அதனால் நெஞ்சு வலித்தால் "துக்கத்தால் வந்தது, தானே போகும்" என்று தயவுசெய்து வீட்டில் படுத்துவிடாதீர்கள். ஈசிஜியை மட்டும் வைத்து இரண்டையும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இதிலும் சாவு உண்டு. நான் டாக்டரும் இல்லை, பேங்கில் வேலை பார்க்கிறவள்.

சில வாரத்தில் அம்மாவின் பம்பிங் பழையபடி ஆகிவிட்டது. பெரும்பாலோருக்கு அப்படித் தேறிவிடும் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். பத்திரம் மட்டும் இன்னும் கையெழுத்தாகவில்லை. அம்மா போடத் தயார்தான். நான்தான் விடவில்லை.